தாள் தப்பித்தது: பழைய கால்பந்துச் சாமான் தேடி ஏழு நாள்

நாள் 1 – கிளாஸ்கோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணத்தில் ஒரு மேட்ச்கூடப் பார்க்கப் போவதில்லை. ஏழு நாளும் மைதானம் மைதானமாகச் சுற்றப் போகிறேன், எல்லாம் காலியாகக் கிடக்கும்போதுதான். எனக்கு வேண்டியது முதல் உலகப் போருக்கு முந்தைய கால்பந்து, அதுவும் ஆட்டம் இல்லை, ஆட்டம் முடிந்தபின் தரையில் கிடந்த மிச்சம். டிக்கெட், புரோகிராம், தொப்பி, மெடல், தையல் விட்ட பந்து. பதினோரு வருஷமாகச் சேர்க்கிறேன், சேர்ந்தது ஒரு ஷூ பெட்டிக்குள் அடங்கிவிடும். வாங்குவதற்கு இந்த முறை எடுத்து வைத்திருப்பது மொத்தம் 300 பவுண்ட். இந்தத் துறையில் 300 பவுண்ட் என்பது எவ்வளவு சின்னத் தொகை என்று போகப் போகத் தெரியும்.

இறங்கியதும் மழை. மவுண்ட் ஃபுளோரிடா ஸ்டேஷனிலிருந்து ஹேம்ப்டன் பார்க் நடக்கிற தூரம்தான், ஆனால் நனைந்துவிட்டேன். ஸ்டேடியத்துக்குள்ளேயே ஸ்காட்லாந்தின் கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே போனால் ஸ்காட்டிஷ் கோப்பை, 1873-இல் செய்தது. தேசிய அளவிலான கால்பந்துக் கோப்பைகளில் இன்று இருப்பதில் பழையது இதுதான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. நடத்தும் கோப்பைப் போட்டி இதைவிட மூத்தது, 1871-72-இலேயே ஆரம்பித்துவிட்டது, ஆனால் அந்த முதல் கோப்பை திருடுபோய்விட்டது (அந்தக் கதை மான்செஸ்டரில் வரும்). அண்ணன் தொலைந்ததால் தம்பிக்குக் கிடைத்த பட்டம்.

ஆனால் நான் வந்தது கோப்பைக்காக இல்லை. பக்கத்தில் ஒரு டிக்கெட் இருக்கிறது. 1872 நவம்பர் 30, ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். சுமார் 4,000 பேர் பார்த்தார்கள், 0–0. ஸ்காட்லாந்து அணியின் பதினோரு பேரும் ஒரே கிளப், குவீன்ஸ் பார்க். நாலாயிரம் பேர் வந்த இடத்தில் டிக்கெட் எத்தனை பேர் கையில் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள், கோட்டுப் பையைக் காலி செய்தார்கள், கணப்பில் போட்டார்கள். யாரோ ஒருவர் மட்டும் போடவில்லை. வேண்டுமென்றேதான் வைத்தார் என்று நான் நம்பவில்லை, மறந்திருப்பார்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. போட்டோகிராஃபர் வந்திருந்தாராம், பிரிண்ட் வாங்குவோம் என்று ஆட்டக்காரர்கள் உறுதி சொல்லாததால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொல்வார்கள். இருப்பது ஓவியர் வரைந்த சித்திரங்கள்தான். சில ஷில்லிங்கில் உலக வரலாற்றின் ஒரு நெகட்டிவ் போயிற்று.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்த டிக்கெட்டை இருபது நிமிஷமாவது பார்த்திருப்பேன். என்னைத் தாண்டி மூன்று குடும்பம் போனது. ஒரு சின்னப் பெண் தன் அப்பாவிடம் ஏதோ கேட்டாள், அவர் என்னைப் பார்த்துவிட்டு அவளை அந்தப் பக்கம் கூட்டிப் போனார். சரி, நியாயம்தான்.

சாயங்காலம் பக்கத்திலேயே இன்னொரு இடம். இப்போது இருக்கும் ஹேம்ப்டன் மூன்றாவது. முதல் ஹேம்ப்டன் இப்போது புல்லில் பந்து உருட்டி ஆடும் ஒரு பௌலிங் கிளப்பின் புல்தரையாக இருக்கிறது. 1873-இல் குவீன்ஸ் பார்க் அங்கே ஆட ஆரம்பித்தது, பத்து வருஷத்தில் ரயில் பாதை வந்து விரட்டியது. 1882-இல் ஸ்காட்லாந்து அங்கே இங்கிலாந்தை 5–1 என்று வென்றதைச் சுவரில் பெரிய ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த அணியில் ஆண்ட்ரூ வாட்சன் இருந்தார், உலகின் முதல் கறுப்பினச் சர்வதேச ஆட்டக்காரர். முந்தைய வருஷம் லண்டனில் ஸ்காட்லாந்து 6–1 என்று ஜெயித்தபோது அவர்தான் கேப்டன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ரயில் போனது. நனைந்த சாக்ஸோடு அறைக்குத் திரும்பினேன்.

நாள் 2 – பார்டிக், அப்புறம் ஸ்டர்லிங்

காலையில் ஹாமில்டன் கிரெசன்ட். 1872 ஆட்டம் நடந்தது இங்கேதான், இது அப்போதும் கிரிக்கெட் மைதானம், இப்போதும் கிரிக்கெட் மைதானம். கோல்போஸ்ட்டுக்கு மேலே கட்டை கிடையாது, நாடாதான் கட்டியிருந்தார்கள். முதல் பாதியில் ஸ்காட்லாந்து அடித்த பந்து நாடாவுக்கு மேலேயா கீழேயா என்று தகராறு, மேலே என்று முடிவாகிக் கோல் இல்லை என்றாயிற்று. அந்த நாடா மட்டும் இன்று ஏலத்துக்கு வந்தால் என்ன விலை போகும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். வேறு பார்க்க ஒன்றுமில்லை.

மதியம் ஸ்டர்லிங். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. கூட்டமெல்லாம் மேலே கோட்டைக்குப் போகிறது, நான் கீழே ஸ்மித் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நுழைவு இலவசம். உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் உலகின் மிகப் பழைய கால்பந்து.

பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள், உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பன்றியின் மூத்திரப்பையைச் சுற்றித் தடித்த தோல் துண்டுகளைத் தைத்திருக்கிறார்கள். சாம்பலும் பழுப்புமாக ஒரு நிறம், ஒரு பக்கம் அமுங்கிப்போய், காய்ந்த பழம் மாதிரி. 1540-களைச் சேர்ந்தது என்கிறார்கள். ஸ்டர்லிங் கோட்டையில் ராணியின் அறைக்கு மேலே மரவேலைப்பாட்டுக்குள் சிக்கிக் கிடந்தது, பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது கிடைத்தது. யாரோ உதைத்தார்கள், மேலே போய் மாட்டிக்கொண்டது, எடுக்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். மாமரத்தில் மாட்டிய பந்துக்காகக் கல் எறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

கொஞ்சம் யோசித்தால் வேடிக்கை. அன்றைக்கு அந்தப் பந்து கீழே விழுந்திருந்தால் இன்னும் பத்து நாள் உதைத்துக் கிழித்துத் தூர எறிந்திருப்பார்கள். நன்றாக ஆடப்பட்ட பந்து எதுவும் மிஞ்சாது. மிஞ்சியது சிக்கிக்கொண்ட பந்து. நேற்று டிக்கெட், இன்று பந்து, இரண்டும் மறதியால் வந்தவை. என் ஷூ பெட்டியில் இருப்பதில் முக்கால்வாசி அப்படித்தான் வந்திருக்கும்.

தையலைப் பக்கத்தில் பார்க்க முயன்றேன். கண்ணாடியில் என் மூக்குத் தடம் பதிந்துவிட்டது, கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தேன்.

நாள் 3 – ரயிலில் பாதி, பிராட்ஃபோர்டில் மீதி

இன்றைக்குப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. கார்லைலில் மாற வேண்டிய ரயில் ரத்து, அடுத்தது தாமதம், அதற்கடுத்ததில் நின்றுகொண்டே வந்தேன். லீட்ஸில் நண்பன் காரோடு காத்திருந்தான். அவனுக்குக் கால்பந்தில் ஆர்வம் சுத்தமாகக் கிடையாது. "டேய், ஃபுட்பால் பார்க்க வந்தவன் ஃபுட்பால் பார்க்காம பழைய பேப்பர் பொறுக்கிட்டுப் போறியே" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

பிராட்ஃபோர்டுக்கு வந்த காரணம் பெய்ன்ஸ் அட்டைகள். ஜான் பெய்ன்ஸ் என்று ஒருவர், இந்த ஊர்க்காரர், 1880-களில் கேடயம், இதயம், பந்து என்று பல வடிவத்தில் வண்ண அட்டைகள் அச்சடித்து அரைப் பென்னிக்குப் பாக்கெட்டாகப் பையன்களிடம் விற்றார். பெரிய கிளப் மட்டுமில்லை, தேவாலய அணி, தெருமுனை அணி, ரக்பி அணி, கிரிக்கெட் அணி, எல்லாவற்றுக்கும் அட்டை. "பிளே அப்" என்று போட்டுக் கிளப் பெயரைச் சேர்த்துவிடுவார். சிகரெட் பாக்கெட்டில் ஆட்டக்காரர் படம் வருவதற்கு முன்னாலேயே இது. சில அணிகள் இருந்தன என்பதற்கு இன்று சுலபமாகக் கிடைக்கும் சாட்சியே இந்த அட்டை ஒன்றுதான்.

ஒரு பழம்பொருள் கடையில் பெரியவர் ஒருவர் ஆல்பத்தைத் திறந்து காட்டினார். நிறம் இன்னும் பளபள. அந்தக் காலக் கல்லச்சு வண்ணம், பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளும் தெரியும். இன்றைய பிரதி என்றால் வரிசையாக ரோஜா இதழ் மாதிரி அடுக்கிய நாலு வண்ணப் புள்ளி தெரியும். இது ஒன்று தெரிந்தாலே பாதிப் போலியை ஒதுக்கிவிடலாம். மூலை கிழிந்த ஒரு கேடய அட்டையை 22 பவுண்டுக்கு வாங்கினேன், ரக்பி அணிதான். ரக்பி என்றால் விலை குறைவா என்று கேட்டேன், மூலை கிழிந்தால் விலை குறைவு என்றார்.

போகிற வழியில் வேலி பரேட் மைதானத்தில் நிறுத்தினோம். மானிங்ஹாம் என்ற ரக்பி கிளப்தான் 1903-இல் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்ட் சிட்டி ஆனது. எட்டே வருஷத்தில், 1911-இல், எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அந்த வருஷம்தான் கோப்பை புது வடிவம் எடுத்தது, செய்தது ஃபட்டோரினி, அவர்களும் பிராட்ஃபோர்ட்காரர்கள்தான். சொந்த ஊரில் செய்த கோப்பை முதல் தடவையே சொந்த ஊருக்கு வந்தது. இதே மைதானத்தில் 1985 தீ விபத்தில் 56 பேர் இறந்தார்கள், நினைவிடம் இருக்கிறது. அங்கே நண்பனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நாள் 4 – ஷெஃபீல்ட்

இந்தப் பயணத்தின் நடு மையம் இதுதான். பழைய கால்பந்து என்றதும் எல்லாரும் லண்டனைச் சொல்வார்கள், 1863-இல் எஃப்.ஏ. அங்கே தொடங்கியது என்பதால். ஷெஃபீல்ட் எஃப்.சி. அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, 1857 அக்டோபர் 24-இல், ஆரம்பித்துவிட்டது. நதானியேல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் என்ற இரண்டு பேர். தங்களுக்கென்று தனி விதிகள் எழுதினார்கள். அதில் எனக்குப் பிடித்தது தொப்பி பற்றிய விதி: ஒவ்வொரு ஆட்டக்காரரும் சிவப்பில் ஒன்றும் கருநீலத்தில் ஒன்றும் ஃபிளானல் தொப்பி வைத்திருக்க வேண்டும், ஒரு பக்கம் ஒரு நிறம். ஜெர்சி கிடையாது, தலையைப் பார்த்துத்தான் நம்மாளா எதிராளா என்று கண்டுபிடிக்க வேண்டும். நாட்டுக்காக ஆடினால் இன்றும் கேப் வாங்கினார் என்கிறோமே, அந்தக் காலத்தில் தொப்பி நிஜமாகவே தலையில் இருந்தது.

அந்த விதிகளின் 1858 கையெழுத்துப் பிரதி, 1859-இல் அச்சடித்த சின்னப் புத்தகம், கிளப்பின் பழைய ஆவணங்கள், எல்லாவற்றையும் சேர்த்து 2011 ஜூலையில் சதபீஸ் ஏலத்தில் விற்றார்கள். 8,81,250 பவுண்ட். அச்சுப் புத்தகத்துக்கு வேறு பிரதி இருப்பதாகத் தெரியவில்லை. கிளப்பே தன் ஜாதகத்தை விற்றுவிட்டது என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு அவர்களுடைய மைதானத்தைப் பார்த்தபிறகு அவ்வளவு கோபம் இல்லை. உலகின் மூத்த கால்பந்து கிளப் ஆடுவது ஷெஃபீல்டில்கூட இல்லை, பக்கத்து டிரான்ஃபீல்டில், ஒரு மதுக்கடைக்குப் பின்னால். பெட்டிக்குள் தாள் இருந்து என்ன, சொந்தமாக ஒரு புல்தரை வேண்டாமா. இருந்தாலும் அது யார் வீட்டு லாக்கரில் இருக்கிறதோ என்ற நினைப்பு வந்தால் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்து சாண்டிகேட். ஹாலம் எஃப்.சி.யின் மைதானம். 1860 டிசம்பர் 26-இல் ஷெஃபீல்டும் ஹாலமும் இங்கே ஆடின. இன்றும் கால்பந்து நடக்கும் மைதானங்களில் உலகிலேயே பழையது. ஏறிப் போகும்போதே மூச்சு வாங்குகிறது, மைதானமும் அப்படித்தான், ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. மூலையில் பந்தை வைத்தால் தானே உருண்டு போகும் போலிருக்கிறது. நண்பன் ஒரு எலுமிச்சம்பழத்தை வேலி ஓரமாக வைத்துப் பார்த்தான், உருண்டது.

ஹாலமிடம் இருக்கும் பொக்கிஷம் யூடன் கோப்பை. 1867-இல் தாமஸ் யூடன் என்ற நாடகக் கொட்டகை முதலாளி நடத்திய போட்டி, உலகின் முதல் கால்பந்துக் கோப்பைப் போட்டி என்று இதைத்தான் சொல்கிறார்கள். இறுதி ஆட்டத்தில் ஹாலம் நார்ஃபோக்கை வென்றது, ஆனால் ஒரு கோல்கூட விழவில்லை. ஷெஃபீல்ட் விதிப்படி கோல்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் தள்ளிக் கொடி நட்டிருப்பார்கள், அந்த இடைவெளியில் பந்தை அடித்துவிட்டு எதிராளிக்கு முன்னால் ஓடிப் போய்த் தொட்டால் அது ஒரு ரூஜ். கோல் சமமானால் ரூஜை எண்ண வேண்டும். ஹாலமுக்கு இரண்டு, நார்ஃபோக்குக்குச் சைபர். அப்படி வாங்கிய வெள்ளிக் கோப்பை எங்கேயோ தொலைந்துபோனது. 1997-இல் ஸ்காட்லாந்துப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் கிளப்பைத் தொடர்புகொண்டார், என்னிடம் இருக்கிறது என்று. 2,000 பவுண்ட் கொடுத்து வாங்கினார்கள். நான் படித்ததிலேயே மலிவான விலை இதுதான். தொலைந்த வெள்ளி உருக்கப்படாமல் திரும்பி வருவதே அபூர்வம்.

நாள் 5 – நாட்டிங்ஹாம்ஷையரில் ஒரு சந்தை

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். பெரிய திறந்தவெளிச் சந்தை, கூடாரமும் வேனுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம். வியாபாரிகள் ஒருவரிடம் ஒருவர் வாங்குவது முதல் ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடும், அதற்கப்புறம் வருவது மிச்சம் மீதி. நமக்குத்தான் மிச்சம் மீதி போதுமே.

முதலில் பந்து. எட்டு இடத்திலாவது பழைய தோல் பந்து இருந்தது, பெரும்பாலும் அலங்காரத்துக்கென்றே புதிதாகச் செய்தவை. விற்பவர்களும் பழையது என்று வாயால் சொல்வதில்லை, ஆனால் மறுப்பதும் இல்லை. நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். இணையத்தில் 1890-கள் என்று போட்டிருந்த பந்து, 90 பவுண்ட், வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் ஷூ பாலிஷ் வாசனை. தையல் நூலில் சூடான ஊசியை வைத்தேன், உருகி முத்தாகிவிட்டது. நைலான். சணல் நூலோ லினன் நூலோ கருகும், உருகாது. அந்தப் பந்து இன்னும் என்னிடம் இருக்கிறது, பேப்பர் வெயிட்டாக.

நிஜமான விக்டோரியா காலப் பந்தில் ஆரஞ்சுச் சுளை மாதிரித் தோல் பட்டைகள் இரண்டு முனையில் போய்ச் சேரும், அங்கே வட்டமாக ஒரு தோல் பொத்தான் தைத்திருப்பார்கள். பிற்பாடுதான் பட்டை பட்டையாக வெட்டி அடுக்கிய பந்து. சுற்றளவு 27 முதல் 28 அங்குலம் என்று 1872-லேயே விதி வந்துவிட்டது, அது இன்றுவரை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. எடைதான் மாறியது, 1889-இல் 12 முதல் 15 அவுன்ஸ், 1937-இல் 14 முதல் 16. ஆனால் தராசை நம்பாதீர்கள், காய்ந்த தோல் எடை இழக்கும்.

அப்புறம் மெடல். ஒரு மேசையில் வெல்வெட் தட்டு, அதில் கைக்கடிகாரச் சங்கிலியில் மாட்டும் சின்ன வெள்ளி மெடல், பின்னால் ஒரு லீக் பெயரும் 1897 என்ற வருஷமும் செதுக்கியிருந்தது. 140 பவுண்ட் என்றார். மனசு படபடவென்று அடித்தது. பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஹால்மார்க், அதாவது வெள்ளியின் தரத்துக்குக் குத்தும் முத்திரை, அந்த வரிசையில் நங்கூரம், அதாவது பர்மிங்ஹாம். சிங்கம், அதாவது ஸ்டெர்லிங் வெள்ளி. அடுத்தது முத்திரை குத்திய வருஷத்தைக் காட்டும் எழுத்து. சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னக் கையேட்டில் தேடினால் அது 1920-களின் எழுத்து. முப்பது வருஷம் இடிக்கிறது. இன்னொருமுறை பார்த்தேன். முன்பக்கத்துப் பந்தும் காலும் தேய்ந்து வழுவழு என்று ஆகியிருக்க, பின்னால் செதுக்கிய 1897-இன் விளிம்பு மட்டும் நகத்தில் கீறியதுபோல் கூர்மையாக இருந்தது. ஒரே பையில் முப்பது வருஷம் ஒன்றாகக் கிடந்தவை ஒன்றாகத்தான் தேயும். வெற்று மெடலை வாங்கி யாரோ பின்னாளில் செதுக்கியிருக்கிறார்கள். விற்பவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்கவில்லை. நன்றி சொல்லிக் கீழே வைத்தேன். அவர் 110 என்றார். மறுபடியும் நன்றி.

கால் வலித்து, நண்பன் காரில் தூங்கப் போனபிறகு, கடைசி வரிசையில் ஒரு பெண்மணி அட்டைப் பெட்டியில் பழைய ரேஷன் புத்தகம், வாழ்த்து அட்டை, பிரார்த்தனைச் சீட்டு எல்லாம் குவித்து வைத்திருந்தார். ஒரு கவருக்குள் மடித்த சின்ன அட்டை. விரித்தால் ஒரு தேவாலயக் கால்பந்து அணியின் ஆட்ட அட்டவணை. 1895-96 சீசன். இடது பக்கம் தேதி, நடுவில் எதிரணி, வீட்டிலா வெளியிலா என்று ஒரு எழுத்து, வலது ஓரத்தில் கோல் எண்ணிக்கை எழுத வெற்றுக் கட்டம். அந்தக் கட்டங்களில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்.

கோட்டுக்குள் மறைத்துப் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதுபோல் 1950-கள் வாக்கிலிருந்து காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் கலக்கிறார்கள், டார்ச் பட்டதும் அது நீலமாக ஜொலிக்கும். இது ஜொலிக்கவில்லை, சாணி நிறத்தில் மங்கிக் கிடந்தது. பின்பக்கம் விரலால் தடவினேன், அச்செழுத்து அழுத்திய மேடு தட்டுப்பட்டது. மடிப்பில் அழுக்கு உள்ளே வரை ஊறியிருந்தது, மேலே பூசிய அழுக்கு இல்லை.

எவ்வளவு என்று கேட்டேன். பெட்டியில் எதை எடுத்தாலும் 2 பவுண்ட் என்றார். பேரம் பேச வாய் வரவில்லை.

நாள் 6 – மான்செஸ்டர்

தேசியக் கால்பந்து அருங்காட்சியகம். முன்பு பிரெஸ்டனில் இருந்தது, 2012-இல் இங்கே வந்தது. இங்கே இருக்கும் ஃபிஃபா சேகரிப்பின் அடித்தளம் ஹாரி லேங்டன் என்ற விளையாட்டுப் பத்திரிகையாளர் சேர்த்தது. தனி ஆள் ஒருவர் சந்தை சந்தையாக அலைந்து சேர்த்ததை ஃபிஃபா வாங்கியது. இதை நண்பனிடம் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்.

திருட்டுக் கதைக்கு வருகிறேன். முதல் எஃப்.ஏ. கோப்பை சுமார் 20 பவுண்டில் செய்தது, சின்னது. 1895-இல் ஆஸ்டன் வில்லா ஜெயித்து, பர்மிங்ஹாமில் வில்லியம் ஷில்காக் என்பவரின் கடை ஜன்னலில் பார்வைக்கு வைத்தார்கள். செப்டம்பரில் ஒரு ராத்திரி காணாமல் போனது. கிளப்புக்கு 25 பவுண்ட் அபராதம். அறுபது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1958-இல், ஒரு கிழவர் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார், நாங்கள்தான் எடுத்தோம், உருக்கிக் கள்ள அரை கிரவுன் காசாக அடித்துவிட்டோம் என்று. நிஜமோ பொய்யோ, கோப்பை திரும்பவில்லை. வரலாற்றைக் காசாகக் கொடுத்து யாரோ மீன் வாங்கியிருப்பார்கள்.

மாற்றுக் கோப்பையை 1896-இல் பர்மிங்ஹாமில் வாட்டன்ஸ் நிறுவனம் செய்தது, பழைய வில்லா ஆட்டக்காரர் ஹோவர்ட் வாட்டனின் குடும்பத் தொழில். 1909-இல் மான்செஸ்டர் யுனைடெட் ஜெயித்ததும் அதற்கு ஒரு நகல் செய்துகொண்டார்கள், அப்போதுதான் வடிவத்துக்குக் காப்புரிமையே இல்லை என்று எஃப்.ஏ.வுக்கு உறைத்தது, 1911-இல் புதிதாகச் செய்தார்கள். பழையதை எஃப்.ஏ.வின் நீண்ட காலத் தலைவர் லார்ட் கின்னெய்ர்டுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். 2005-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் கமிஷனோடு 4,78,400 பவுண்ட், வாங்கியவர் டேவிட் கோல்ட். 2020-இல் பான்ஹாம்ஸில் சுமார் 7,60,000. அதை வாங்கிய ஷேக் மன்சூர், மான்செஸ்டர் சிட்டி கிளப்பின் உரிமையாளர், இந்த அருங்காட்சியகத்துக்கே இரவலாகக் கொடுத்தார். பணக்காரர்கள் மேல் எனக்குள்ள எரிச்சலில் இதை மட்டும் கழித்துக்கொள்கிறேன்.

அருங்காட்சியகத்தில் நாலு மணி நேரம். நண்பன் இரண்டாவது மணி நேரத்தில் பெனால்டி அடிக்கும் விளையாட்டில் சேர்ந்துவிட்டான், சின்னப் பையன்களோடு வரிசையில் நின்று. பயணத்திலேயே அவன் சந்தோஷமாக இருந்த ஒரே நேரம்.

நாள் 7 – லண்டன்

காலையில் கிரேட் குவீன் ஸ்ட்ரீட். 1863 அக்டோபர் 26-இல் எஃப்.ஏ.வின் முதல் கூட்டம் நடந்த ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் இந்தத் தெருவில்தான் இருந்தது. கட்டடம் இப்போது வேறு. அப்புறம் ஓவல் கிரிக்கெட் மைதானம், வாசல் வரை மட்டும். 1872 முதல் 1892 வரை, ஒரே ஒரு வருஷம் தவிர, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் எல்லாம் இங்கே. 1882 இறுதி ஆட்டத்தின் புரோகிராம், ஒற்றைத் தாள், 2013-இல் 35,250 பவுண்டுக்குப் போனது. அன்றைக்கு ஓல்ட் எட்டோனியன்ஸ் பிளாக்பர்னை 1–0 என்று வென்றது.

மதியம் ஓர் ஏலக் கடையில் முன்பார்வை நாள். இங்கிலாந்து அணிக்குத் தொப்பி கொடுப்பது 1886-இல் முடிவானது, அதற்குக் கொஞ்சம் பிந்தைய ஒன்று தட்டில் இருந்தது. கையுறை கொடுத்தார்கள், தொட்டேன். வெல்வெட் வெளியே நரைத்துப்போய், உள்ளே திருப்பினால் மடிப்புக்குள் அசல் நீலம் அப்படியே. குஞ்சத்தில் இரண்டு இழை மட்டும் மிச்சம். நெற்றிப் பக்கம் எண்ணெய்க் கறை. ஏலத்தில் கேட்கவில்லை, அடிப்படை விலையே என் 300-ஐப் போல் பல மடங்கு.

இப்போது அறையில் உட்கார்ந்திருக்கிறேன். செலவு 24 பவுண்ட், ஒரு கிழிந்த கேடயம், ஒரு ஆட்ட அட்டவணை. பி.வி.சி. உறையில் போடாதீர்கள், நாளாவட்டத்தில் ஒட்டிக்கொண்டு மையை உரித்துவிடும், பாலியெஸ்டர் உறைதான் நல்லது. உறைக்குள் விடுவதற்கு முன்னால் பென்சில் எழுத்தைக் கடைசியாக ஒருமுறை வாசித்தேன். செப்டம்பர் 2–0. 4–1. அப்புறம் 0–3, அதில் பென்சில் அழுந்தி அட்டையே குழிந்திருக்கிறது. நவம்பரில் ஒரு கட்டத்தில் "மூடுபனி". டிசம்பர் முழுக்க ஜெயம். ஜனவரி 18, 3–1. அதற்குப் பிறகு ஏப்ரல் வரை பதினொரு ஆட்டம், ஒரு கட்டத்திலும் ஒன்றும் இல்லை.

படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "மீதி மேட்ச் எல்லாம் தோத்துட்டாங்களா, இல்ல பென்சில் தொலைஞ்சு போச்சா?"